பறித்த புத்தகம் எது?

பழைய மாணவர் சங்கங்கள் வெளியிடும் ஆண்டு மலர்களில் எதையாவது எடுத்துப் பாருங்கள். ஒரு மாஸ்டரைப் பற்றி எழுதியதில் பெயரை மட்டும் மாற்றினால் இன்னொருவருக்கும் அப்படியே பொருந்தும். 'கண்டிப்பானவர், ஆனால் கருணை உள்ளம் கொண்டவர்.' 'வெள்ளை வேட்டி, வெள்ளை நஷனல் சட்டை.' 'அவர் வருகிறார் என்றால் மண்டபமே அடங்கிவிடும்.' 'இன்று நாங்கள் இந்த நிலையில் இருக்கிறோம் என்றால் அது அவர் போட்ட பிச்சை.' வெளியிலிருந்து சைக்கிளில் வந்து நான்கு மணிக்கு வீடு திரும்பிய பிள்ளைகள் இப்படி எழுதினால் ஒன்றும் சொல்வதற்கில்லை. எழுதுகிறவர்கள் விடுதிப் பிள்ளைகள் என்பதுதான் உறுத்துகிறது. அந்த மாஸ்டரைச் சாரத்தோடு, கிணற்றடியில் பல்லுத் துலக்கியபடி, இரவு பத்து மணிக்கு ரோச் லைற்றோடு, காய்ச்சலில் கிடந்தவனின் கட்டிலடியில் கஞ்சிக் கோப்பையோடு கண்டவர்கள் அவர்கள். அவருடைய செருப்புச் சத்தத்தை வைத்தே அவர் எந்த மனநிலையில் வருகிறார் என்று சொல்லக்கூடியவர்கள். மலரில் அந்த மாஸ்டர் இல்லை.

யாழ்ப்பாணத்து விடுதிகளை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை என்று தொடங்கி, பின்னர் இந்துக் கல்லூரிகள்வரை பரவிய கதையை இங்கே விரிக்கத் தேவையில்லை. ஆனால் புகழுரை மனிதரை விழுங்கும் பழக்கம் அந்தத் தொடக்க காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. அமெரிக்க மிஷனரியான எலைசா அக்னியூ 1840இல் உடுவிலுக்கு வந்து 1879வரை அந்தப் பாடசாலையை நடத்தினார். ஏறத்தாழ நாற்பது வருடம். 'ஆயிரம் பெண் பிள்ளைகளின் தாய்' என்ற ஒரு வரிதான் இன்று பெரும்பாலும் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அந்த ஆயிரம் பேரில் ஒருத்தியாவது அவர் எப்படிச் சிரிப்பார், எதற்கு எரிந்து விழுவார், தூங்கப்போகுமுன் என்ன வாசிப்பார் என்று எழுதி வைத்திருந்தால், அந்த ஒரு வரியை விட்டுவிட்டு அதைத்தான் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த விடுதிகளில் இருந்தவர்கள் ரொறன்ரோ, லண்டன், மெல்பேண், கொழும்பு, யாழ்ப்பாணம் என்று சிதறிக் கிடக்கிறார்கள். கொரோனாக் காலத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை சூமில் கூடுகிற குழுக்கள் நிறைய உண்டு. முதல் பாதி பழைய ஆசிரியர்களைப் பற்றிய கதை. மற்றப் பாதி, இப்போது யார் என்ன வாசிக்கிறார்கள் என்பது. முதல் பாதி புகழாரத்தில் வழுக்குகிறது, இரண்டாம் பாதி புத்தகப் பட்டியலில் வறண்டு போகிறது. இரண்டையும் தனித்தனி நிகழ்ச்சியாக வைத்திருப்பதுதான் பிழை என்பது என் கட்சி. ஆசிரியரை நினைவிலிருந்து வெளியே இழுக்கும் சாவி வாசிப்பில்தான் இருக்கிறது.

முதலில் மணிக்கூட்டைச் சரிசெய்யுங்கள்

இப்படியான குழுக்கள் குலைவதற்கு முதல் காரணம் மனக்கசப்பு அல்ல, நேரக் குழப்பம். கூட்டத்தை ஒழுங்கு செய்கிறவர் பெரும்பாலும் கனடாவில் இருப்பார், 'காலை எட்டு மணி' என்று தன் நேரத்தைச் சொல்லிவிடுவார். கனடாவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை முன்னே தள்ளுகிறார்கள். இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறு. ஒஸ்ரேலியாவில் ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். ஒக்ரோபர், நவம்பரிலும் இதே கூத்து மறுபக்கமாக நடக்கும். இந்த இடைக் கிழமைகளில் லண்டன்காரர் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்து, கூட்டம் முடிந்துவிட்டதைக் கண்டு, அடுத்த மாதம் வராமலே விடுவார். யாழ்ப்பாணத்து மணிக்கூடு மட்டும் வருடம் முழுக்க அசையாது. ஆகவே அதை வைத்துக் குறியுங்கள்: சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் மாலை 5.30. அப்போது ரொறன்ரோவில் கோடையில் காலை 8, குளிரில் 7. லண்டனில் கோடையில் பகல் 1, குளிரில் 12. மெல்பேணில் அவர்களுடைய குளிர்காலத்தில் இரவு 10, கோடையில் 11. மெல்பேண்காரர் முறுகுவார், அவருக்காக வருடத்தில் இரண்டு கூட்டத்தை முன்னே தள்ளிக் கொடுக்கலாம்.

சூமின் இலவசக் கணக்கு நாற்பது நிமிடத்தில் அறுத்துவிடும். காசு கட்டி அதை நீட்ட வேண்டியதில்லை. முதல் நாற்பது ஆசிரியருக்கு, திரும்ப உள்ளே வந்த பிறகு இரண்டாவது நாற்பது வாசிப்புக்கு என்று வைத்தால், அந்த வெட்டே நல்ல நடுவராகிவிடும். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு பேர் வந்தால் நால்வர் கதைப்பார்கள், எண்மர் தலையாட்டுவார்கள்.

வயது எழுபதைத் தாண்டினாலும் விடுதிப் படிநிலை சாகாது. 1966 ஏ.எல். (உயர்தர) பட்ச் அண்ணை ஒன்றைச் சொல்லிவிட்டால் 1974 பட்ச் தம்பி மறுத்துப் பேச மாட்டார், அவர் இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை வைத்தியராக இருந்து ஓய்வுபெற்றவராக இருந்தாலும். 'அண்ணை சொன்னால் சரியாத்தான் இருக்கும்' என்று ஒதுங்கிவிடுவார். இதற்கு ஒரே வழி, எப்போதும் இளைய பட்ச்சைக் கொண்டு தொடங்குவது. அண்ணைமாருக்கு இது முதலில் பிடிக்காது. இரண்டாம் கூட்டத்தில் பழகிவிடும்.

கதைக்குமுன் எழுதுங்கள்

கூட்டாக நினைவுகூரும்போது நினைவு கூடும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். உளவியலாளர்கள் பல தடவை சோதித்துக் கண்டது நேர்மாறு: நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து சொல்வதைவிட, அதே அளவு ஆட்கள் தனித்தனியே எழுதியதைத் தொகுத்தால் கூடுதலாகக் கிடைக்கிறது. ஒவ்வொருவரும் நினைவுக்குள் ஒவ்வொரு வழியாக நுழைகிறவர். ஒருவர் சாப்பாட்டு மண்டபத்திலிருந்து தொடங்கி மாஸ்டரிடம் போவார், இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்திலிருந்து. குரல் உரத்தவர் தன் வழியால் இழுத்துக்கொண்டு போனால் மற்றவர்களின் பாதை அறுந்துவிடும். அதைவிட மோசம், கேட்ட விவரம் ஆறு மாதத்தில் தான் கண்டதாகவே மாறிவிடுவது. அடித்தவனும் அடிபட்டவனும் பார்த்தவனும் ஒரே கதையை ஒரே சொற்களில் சொல்லத் தொடங்கினால் அந்தக் கதை பழுத்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் அதில் சாறு இல்லை.

ஆகவே, அந்த மாதத்துக்கான ஆசிரியர் யார் என்று முடிவானதும், கூட்டத்துக்கு ஒரு கிழமை முன் ஒவ்வொருவரும் ஒரு கடதாசியில் பதினைந்து நிமிடம் எழுத வேண்டும். கையால். குறிப்பாக வட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது, ஒழுங்கு செய்கிறவருக்கு மட்டும் படம் பிடித்து அனுப்ப வேண்டும். எழுத முடியாதவர்கள் குரல் பதிவு அனுப்பலாம். ஆனால் பத்து நிமிடக் குரலை எழுத்தாக்க ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பிடிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு அந்த வேலையை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்க ஆளில்லாத குரல் பதிவுகள் தொலைபேசிக்குள்ளேயே கிடந்து, தொலைபேசி மாறும்போது போய்விடுகின்றன.

பட்டப்பெயர் இன்னொரு பொறி. எங்கள் விடுதிகளில் மாஸ்டரின் உண்மைப் பெயரைவிடப் பட்டப்பெயர் நீண்டகாலம் வாழும். நீண்ட காலம் என்றால், ஆளையும் தாண்டி வாழும். ஒரு கணக்கு மாஸ்டர் மாற்றலாகிப் போக, அவருடைய பட்டம் அடுத்து வந்த கணக்கு மாஸ்டரின் தலையில் ஏறிவிடும். பத்து வருட இடைவெளியுள்ள இரண்டு பட்ச் ஒரே பட்டத்தைச் சொல்லி, இரண்டு வேறு மனிதரைக் கலந்து ஒருவராக்கிவிடுவது சாதாரணம். எழுதும்போது முதல் எழுத்தோடு பெயர், பாடம், நீங்கள் அப்போது எந்த வகுப்பு, விடுதியில் எந்த மண்டபம் என்ற நான்கையும் மேலே போடச் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும். மீதிக்கு அச்சில் வந்த பாடசாலைச் சஞ்சிகை வேண்டும். யாழ்ப்பாணக் கல்லூரியின் மிசலனி, யாழ் இந்துவின் இந்து இளைஞன் போன்றவற்றில் ஆசிரியர் பட்டியல், அதிபர் அறிக்கை, வந்தவர் போனவர் விவரம் எல்லாம் இருக்கும். 1995 ஒக்ரோபர் போர்க்கால இடப்பெயர்வோடு பல இடங்களில் பதிவேடுகள் போய்விட்டன. அச்சில் வந்து வெளியூர் வீடுகளில் கிடந்த பிரதிகள்தான் மிச்சம். 2005இலிருந்து இயங்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பாடசாலை மலர்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன. கூட்டத்துக்கு முன் அங்கே ஒரு தடவை தேடிப் பார்ப்பது பெரிய வேலையல்ல.

பறித்ததும் திருப்பித் தந்ததும்

இவ்வளவு செய்தும் 'அவர் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் மலர்க் கட்டுரைதான் திரும்பி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் ஏற்கெனவே எல்லோருடைய வாயிலும் தயாராக இருக்கிறது. கேள்வியை மாற்ற வேண்டும். 'அவர் உங்களிடமிருந்து பறித்த புத்தகம் எது?'

இந்தக் கேள்வி விழும் இடத்தில் கூட்டத்தின் தொனியே மாறிவிடுவதைக் கவனிக்கலாம். சிறிது நேரம் ஒருவரும் கதைக்க மாட்டார்கள். பிறகு வரிசையாக வரும். இரவுப் படிப்பு நேரம், ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில். நீண்ட வாங்கு, ஆறு பேர். புவியியல் புத்தகத்தை நிமிர்த்தி வைத்து உள்ளே வேறொன்று. அட்டை தெரியாமலிருக்க பழைய பேப்பரால் போட்ட உறை. பின்னால் வந்து நின்ற மாஸ்டர் ஒன்றும் கதைக்காமல் கையை மட்டும் நீட்டுவது. விளக்கணைத்த பிறகு பெட்சீற்றுக்குள் ரோச்சோடு பிடிபட்டவனுக்கு இழப்பு இரட்டை: புத்தகமும் போகும், பற்றரியும் போகும். இதெல்லாம் எல்லா விடுதிக்கும் பொதுவானது. பொதுவில்லாதது அதற்குப் பிறகு நடந்தது. ஒருவர் கிழித்து எறிந்திருப்பார். ஒருவர் அலுமாரியில் பூட்டி, தவணை முடிவில் றங்குப்பெட்டி கட்டும்போது கொண்டுவந்து தந்திருப்பார். ஒருவர் இரண்டு நாள் வைத்திருந்து, தானே வாசித்து முடித்து, 'முடிவு சரியில்லை' என்று சொல்லித் திருப்பித் தந்திருப்பார். ஒருவர் அதைப் பறித்துவிட்டு, தன் அறையிலிருந்து வேறொன்றைத் தந்து 'இதைப் படி' என்றிருப்பார். இந்த நான்கு பேரும் மலரில் 'கண்டிப்பானவர், கருணையுள்ளவர்' என்ற ஒரே மனிதர்.

இன்னொரு பயனும் உண்டு. பறித்த புத்தகம் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். 1960களின் முற்பாதியில் உயர்வகுப்பில் இருந்தவர்களுக்கு விஞ்ஞானப் பாடம் ஆங்கிலத்தில். அவர்கள் ஒளித்து வாசித்ததில் ஆங்கிலத் துப்பறியும் கதைகள் தாராளமாக இருக்கும். பத்து வருடம் பிந்தியவர்கள் தமிழில் படித்தவர்கள். 1970களின் முற்பகுதியில் பிரதமர் சிறிமாவோவின் அரசு தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அந்த வருடங்களில் விடுதியில் இருந்தவர் 'புதுக் குமுதத்தோடு பிடிபட்டேன்' என்று சொன்னால், ஒன்றில் வருடம் பிழை, அல்லது அது யாரோ வீட்டுப் பரணிலிருந்து வந்த பழைய இதழ். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் வெட்டி, ஊசி நூலால் தைத்து, பைண்ட் பண்ணிய கட்டுகள்தான் அப்போது கைமாறின. முதல் அத்தியாயம் இராது, நடுவில் நான்கு கிழமை காணாமல் போயிருக்கும். அதே தட்டுப்பாடுதான் உள்ளூர் எழுத்துக்கு வாசகரைச் சேர்த்தது: வீரகேசரி பிரசுர நாவல்கள் அப்போதுதான் பரவின, 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய முற்போக்கு இலக்கியச் சஞ்சிகை மல்லிகை யாழ்ப்பாணத்திலேயே கையில் கிடைத்தது. மல்லிகையோடு பிடிபட்டவனை மாஸ்டர் எப்படி நடத்தினார் என்பதில் அந்த மாஸ்டரின் அரசியல் முழுவதும் வெளியே வந்துவிடும். பல்கலைக்கழக அனுமதிப் புள்ளியை மொழிவாரியாகவும் மாவட்டவாரியாகவும் மாற்றிய தரப்படுத்தல் வந்த பிறகு, ஒரு புள்ளியில் பல்கலைக்கழகம் தவறிப்போகும் என்ற பயம் விடுதியைப் பிடித்த காலத்தில், கதைப் புத்தகத்தைப் பறித்த கைக்கு முன்பு இல்லாத ஒரு வேகம் இருந்திருக்கும். அதையும் அந்த வருடத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பெண்கள் விடுதிகளில் கேள்வி கொஞ்சம் மாறும். அங்கே பறிபட்டது புத்தகத்தைவிடக் கடிதம். வந்த கடிதத்தை உடைத்து வாசித்துவிட்டுத்தான் கையில் தருவது பல விடுதிகளில் வழக்கம். அதனால் 'உங்கள் கடிதத்தை யார் முதலில் வாசித்தது, அதைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னார்?' என்று கேட்டால், விடுதி மேற்ரனும் மிஸ்ஸும் தனித்தனி ஆட்களாகப் பிரிந்து நிற்பார்கள்.

பிரம்பு

இதைத் தவிர்த்துவிட்டு விடுதி ஆசிரியரைப் பற்றிக் கதைக்க முடியாது, ஆனால் பெரும்பாலான குழுக்கள் தவிர்க்கின்றன. அல்லது சிரித்துக் கடக்கின்றன. 'மச்சான், அந்த அடி இல்லாட்டி நாங்கள் முன்னுக்கு வந்திருக்க மாட்டம்.' எல்லோரும் சிரிப்பார்கள். அந்த நேரத்தில் சிரிக்காமல் கமராவை அணைத்தவர் யார் என்று ஒழுங்கு செய்கிறவர் பார்த்து வைக்க வேண்டும். இலங்கையில் கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றுநிருபம் பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடுத்தது. அதற்கு முந்திய தலைமுறைக்கு அது அன்றாடம். அன்றாடமாக இருந்தது என்பதால் எல்லோருக்கும் ஒரே அளவில் நொந்தது என்றில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் காட்டி அழ வழியில்லாத பிள்ளைக்கு, அடித்தவரே இரவு விளக்கணைக்க வருகிறவர்.

'உனக்கு எப்படி இருந்தது?' என்று கேட்காதீர்கள். பதில் வராது, வந்தாலும் பகிடியாக வரும். விவரம் கேளுங்கள். என்ன குற்றம், எத்தனை அடி, எங்கே, யார் பார்த்துக்கொண்டு நின்றது, அன்றிரவு சாப்பிட்டீர்களா. தனியே, தொலைபேசியில். விவரத்துக்குள் போகும்போது பகிடி தானாகக் கழன்றுவிடும். அடித்தவரே அடுத்த நாள் வைத்தியம் பார்க்கப் பரியாரியிடம் கூட்டிக்கொண்டு போனதும் அதே பதிவில் வரலாம். இரண்டையும் எழுதுங்கள், கூட்டிக் கழித்து விடை காண வேண்டாம். இதில் அடிக்கடி நடக்கும் சிக்கல்: மாஸ்டரின் மகளோ மருமகனோ அதே வட்ஸ்அப் குழுவில் இருப்பார். அவர் முன்னால் இது போனால், ஒன்றில் எல்லோரும் வாயை மூடுவார்கள், அல்லது சண்டை வரும். சொன்னவரின் சம்மதமில்லாமல் இந்தப் பதிவுகளைக் குழுவில் போடவே கூடாது. மலரில் போடுவது அதற்கும் பிறகு.

எத்தனையாம் பக்கம்?

இரண்டாவது நாற்பது நிமிடத்துக்கு வருவோம். 'இப்போது என்ன வாசிக்கிறீர்கள்?' என்று கேட்டால் ஆட்கள் பொய் சொல்வார்கள். கெட்ட நோக்கத்தோடு அல்ல. பழைய மாணவர் முன்னால் தடித்த புத்தகத்தைத்தான் தூக்கிக் காட்டத் தோன்றும். பேசாமல் 'எத்தனையாம் பக்கத்தில் நிற்கிறீர்கள்?' என்று கேளுங்கள். பதினெட்டாம் பக்கத்தில் நான்கு மாதமாக நிற்கிறேன் என்று ஒருவர் ஒத்துக்கொண்டால் போதும், மற்றவர்களும் உண்மைக்கு வந்துவிடுவார்கள். சர்க்கரை வியாதிப் புத்தகம், தேவாரம், பேரப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் படக்கதை, போர்க்கால நினைவுக் குறிப்புகள், தொலைபேசியில் வரும் கட்டுரைகள், எல்லாம் வெளியே வரும்.

கதைச் சுருக்கம் சொல்ல விடாதீர்கள். பிடித்த இரண்டு பக்கத்தை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள், ஆளுக்கு நான்கு நிமிடம். பார்வை மங்கியவர்களுக்கும் அது உதவும். வாசித்து முடிந்ததும் ஒரு கேள்வி: இந்த மாதிரி எழுத்தின்மேல் ருசி வந்தது யாரால், அல்லது வெறுப்பு வந்தது யாரால்? கவிதை என்றாலே ஒதுங்குகிற பொறியியலாளரிடம் கேட்டுப் பாருங்கள். மனப்பாடச் செய்யுளில் ஒரு சீர் தவறியதற்கு வாங்கின்மேல் ஏற்றி விட்ட தமிழ் மாஸ்டர் வந்து நிற்பார். முதல் நாற்பது நிமிடத்தில் அவரைப் பற்றி இதே ஆள் 'தமிழுணர்வை ஊட்டியவர்' என்று சொல்லியிருப்பார்.

எல்லோரும் ஒரே புத்தகத்தை வாசிக்கும் திட்டம் இந்தக் குழுக்களுக்குச் சரிவராது. யாழ்ப்பாணத்தில் சில நூறு பிரதி அச்சிட்ட புத்தகம் ரொறன்ரோவுக்கு யாருடைய சூட்கேசிலாவது வந்து சேர ஆறு மாதம் ஆகும். அதற்குள் மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். அவரவர் கையிலுள்ளதை வாசிக்கட்டும்.

சேர்த்து வைக்கிறவருக்கு

படங்களை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், முகம் கரைந்துவிடும். 'ஆவணம்' என்று இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கான் பண்ணினால் எழுத்துக்கு 300 டிபிஐ போதும், பழைய குழுப் படத்துக்கு 600. படத்தின் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும், பெயர்களும் திகதியும் அங்கேதான் இருக்கும். யன்னலோரம், பகல் வெளிச்சம், பிளாஷ் வேண்டாம். பழைய மலர்களின் கணினிக் கோப்பு கிடைத்தால், அது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பழுதாகிவிட்டது என்று அழித்துவிடாதீர்கள், யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் இருந்து ஒற்றெழுத்துகளைத் திருத்த வேண்டும்.

கோப்புகள் எல்லாம் ஒருவருடைய சொந்த கூகுள் கணக்கில் கிடப்பதுதான் வழமை. அவருக்கு எழுபத்தைந்து வயது, கடவுச்சொல் அவருக்கு மட்டும் தெரியும், பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. குழுவின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, இரண்டு நாட்டில் இருவரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து, வருடம் ஒருமுறை முழுவதையும் ஒரு வன்தட்டில் இறக்கி யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். பெப்ரவரியில் செய்தால் நல்லது; குளிருக்குப் பயந்து ஊருக்குப் போகிறவர்கள் அப்போதுதான் அதிகம், தபாற்செலவு மிச்சம்.